ஒரே வாத்தியம், மூன்று ஸட்ஜம்

கடைக்குப் போய் ‘ஒரு மவுத் ஆர்கன் கொடுங்கள்’ என்றால், ‘எந்தச் சுருதி?’ என்று திருப்பிக் கேட்கக்கூடும். விழிக்க வேண்டாம். பத்துத் துவாரமுள்ள வகையில் ஒவ்வொரு வாத்தியமும் ஒரு சுருதிக்கென்றே செய்யப்பட்டது. ‘ஜி’ கனத்த குரல், ‘எஃப்’ கீச்சுக் குரல், ‘ஸி’ நடுத்தரம். முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு ‘ஸி’தான் நல்லது.

ஒரு நண்பர் கிடாரில் ‘ஜி’ சுருதியில் அமெரிக்க ‘ப்ளூஸ்’ பாட்டு ஒன்றை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் ‘ஜி’ வாத்தியத்தை எடுத்து ஊதுகிறீர்கள். ஸ்வரம் தப்பவில்லை, ஆனால் இசைத்தட்டில் கேட்ட அந்த ஏக்கம் மட்டும் வரவில்லை. ‘நமக்கு ஞானம் போதாது’ என்று வாத்தியத்தைப் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள்! குறை உங்களிடம் இல்லை. அதற்கு எடுக்க வேண்டியது ‘ஸி’ வாத்தியம்!

இதென்ன விந்தை என்கிறீர்களா? நம் சங்கீதத்தில் கிரக பேதம் என்பார்களே, அதே சூட்சுமந்தான். ‘ஸி’ வாத்தியத்தின் நாலாவது துவாரத்தில் ஊதும் ஸ்வரத்தை ஸட்ஜமாகக் கொண்டால் சங்கராபரண ஸ்வரங்கள் கிடைக்கும். இது முதல் நிலை. நாட்டுப் பாடல்களுக்கும் எளிய மெட்டுக்களுக்கும் ஏற்றது.

இரண்டாவது துவாரத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் பஞ்சமம். அதையே ஸட்ஜமாக்கினால் ஹரிகாம்போதியின் ஸ்வரங்கள், சுருதி ‘ஜி’. இது இரண்டாம் நிலை. இங்கே முக்கியமான ஸ்வரங்கள் மூச்சை இழுக்கும்போது வருகின்றன. நாக்கின் நிலையைச் சற்று மாற்றினால் அவை வளைந்து கீழே இறங்கும். ஏக்கம் பிறப்பது அந்த வளைவில்தான்!

நாலாவது துவாரத்தில் இழுக்கும் ரிஷபத்தை ஸட்ஜமாக்கினால் கரஹரப்பிரியா, சுருதி ‘டி’. இது மூன்றாம் நிலை. சோகச் சாயல் உள்ள மெட்டுக்களுக்கு உகந்தது. சில ஸ்வரங்களை மட்டும் கீழ் ஸ்தாயியில் வளைத்தே பெற வேண்டும்.

1952-ல் லிட்டில் வால்டர் சிகாகோவில் பதிவு செய்த ‘ஜூக்’ என்ற இசைத்தட்டைக் கேட்டுப் பாருங்கள். மெட்டு ‘ஈ’ சுருதி. அவர் கையில் இருந்ததோ ‘ஏ’ வாத்தியம்!

கணக்கு சுலபம். இரண்டாம் நிலைக்கு, பாட்டின் சுருதியை ஸட்ஜமாக வைத்து அதன் சுத்த மத்தியமம் எதுவோ அந்த வாத்தியத்தை எடுங்கள்: ‘ஜி’க்கு ‘ஸி’, ‘ஈ’க்கு ‘ஏ’, ‘ஏ’க்கு ‘டி’. மூன்றாம் நிலைக்கு, பாட்டைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே உள்ள வாத்தியம்.

ஆகவே, அடுத்த வாத்தியத்துக்குக் காசை எண்ணுமுன், கையிலுள்ள ‘ஸி’யில் இந்த மூன்று ஸட்ஜங்களையும் ஒரு மாதம் பழகிப் பாருங்கள். எது வேண்டும் என்று பிறகு உங்கள் காதே சொல்லிவிடும்.