கோப்பை இல்லாதவர் சிறந்தவர் இல்லையா?

அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் 2024-ல் கல்லூரிக் கூடைப்பந்தில் புள்ளிகளைக் குவித்துக்கொண்டிருந்தபோது ப்ரெயன்னா ஸ்டூவர்ட் ஒரு கருத்துச் சொன்னார்: ஆகச் சிறந்தவர்கள் வரிசையில் நிற்க ஒரு தேசியப் பட்டமாவது வேண்டும். சொன்னவர் கனெக்டிகட் அணிக்கு ஆடிய நான்கு ஆண்டும் பட்டம் வென்றவர். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் பலருக்கும் இது வேதவாக்கு.

தப்பான வேதம்.

ஸ்டூவர்ட்டின் திறமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2016-ல் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ அணிகள் வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டில் முதல் மூன்று இடங்களில் தேர்வானவர்கள் யார் தெரியுமா? அவரும், அவரோடு ஒரே அணியில் ஆடிய இருவரும். கிளார்க்கின் கடைசி ஆண்டு அணியிலிருந்து அவரைத் தவிர அந்த ஆண்டு ட்ராஃப்டில் போனவர் கேட் மார்ட்டின் மட்டுமே, அதுவும் 18-ஆவதாக. அப்படிப்பட்ட அணியை அடுத்தடுத்து இரண்டு ஆண்டு இறுதிப்போட்டிக்கு இழுத்து வந்தவரைத்தான் 'இன்னும் போதாது' என்கிறார்கள்.

தேசியப் பட்டத்துக்கான என்சிஏஏ போட்டி நாக் அவுட் முறையில் நடப்பது. ஒரு ராத்திரி சறுக்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 1957 இறுதிப்போட்டி மூன்று கூடுதல் நேரம் வரை போய், வில்ட் சேம்பர்லெயினின் கன்சாஸ் 53-54 என்று வட கரோலினாவிடம் தோற்றது. ஒரே ஒரு புள்ளி! அது இந்தப் பக்கம் விழுந்திருந்தால் சேம்பர்லெயின் இன்னும் உயரமாகியிருப்பாரா?

புள்ளிக்கணக்கை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். பீட் மராவிச் மூன்று பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 44.2 புள்ளி எடுத்தார். அப்போது மூன்று புள்ளிக் கோடுகூடக் கிடையாது. அவர் ஆடிய லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் அவருடைய அப்பா; 'போதும், பந்தை அடுத்தவனுக்குக் கொடு' என்று யார் சொல்வது? எதிரணி இருவரை விட்டு மறித்தபோது ஒருவர் என்ன செய்தார், அவர் இருந்ததால் பக்கத்தில் நின்றவர்களின் ஆட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும். கோப்பையை எண்ணுவது சுலபம்.

ஆஸ்கர் ராபர்ட்சன் கதை கோப்பையை எண்ணுபவர்களுக்கு இன்னும் சங்கடமானது. சின்சினாட்டிக்காக மூன்று பருவம், சராசரி 33.8 புள்ளி. 1959, 1960 இரண்டிலும் அரையிறுதியில் கலிஃபோர்னியாவிடம் தோல்வி. அவர் படிப்பை முடித்துப் போனதும் அதே சின்சினாட்டி 1961, 1962 பட்டங்களை வென்றது. கோப்பைதான் அளவுகோல் என்றால், அவர் இல்லாததே அணிக்கு நல்லது என்றல்லவா ஆகிறது?

கூடைப்பந்து எழுத்தாளர்கள் சங்கம் ஆண்டுதோறும் சிறந்த கல்லூரி வீரருக்கு ஒரு விருது தருகிறது. 1998 முதல் அதன் பெயர் ஆஸ்கர் ராபர்ட்சன் கோப்பை.