முதுகில் ஊசி: விரல் மட்டும் போதுமா?

வயிற்றில் ஆபரேஷன் நடக்கிறது. தாய் விழித்திருக்கிறாள். ஆனால் வலி இல்லை! குழந்தையின் முதல் அழுகுரலை அவளே கேட்கிறாள்.

இதைச் செய்வது முதுகில் போடும் ஓர் ஊசி. 1898-ம் ஆண்டு ஆகஸ்டு பியர் என்ற ஜெர்மன் டாக்டர் இம்முறையைக் கையாண்டார். சோதனைக்குத் தம் முதுகையே கொடுத்தவர் அவர்! பல நாள் தலைவலியும் அனுபவித்தார்.

ஊசியை எங்கே குத்துவது? டாக்டர் இடுப்பு எலும்பின் இரு உச்சிகளையும் விரலால் தடவிப் பார்க்கிறார். இரண்டையும் இணைத்து மனதுக்குள் ஒரு கோடு போடுகிறார். அந்தக் கோட்டை ஒட்டி, முள்ளெலும்புகளின் இடுக்கில் ஊசி நுழைகிறது. தண்டுவடம் பெரும்பாலோருக்கு அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே பயம் இல்லை.

கோடு சரியாக இருந்தால்தான்!

2000-ம் ஆண்டு பிரிட்டனில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. மயக்க மருந்து டாக்டர்கள் முதுகைத் தொட்டு, இது இன்ன இடுக்கு என்று சொன்னார்கள். அதை எம்.ஆர்.ஐ. படத்தோடு ஒப்பிட்டார்கள். 100-க்கு 29 தடவைதான் சரி! பெரும்பாலும் அவர்கள் நினைத்ததைவிட மேலேயே கை இருந்தது. மேலே போவதில்தான் ஆபத்து. தண்டுவடத்தில் ஊசி பட்டால் கால் மரத்துப் போகலாம், பலம் குறையலாம். இது மிக அரிது. ஆனால் பாதிக்கப்பட்ட தாயிடம் போய் "அரிது" என்று சொல்ல முடியுமா?

இதற்கு வழி, குழந்தையைப் பார்க்கும் அதே ஸ்கேன் கருவிதான். ஊசிக்கு முன் அதை முதுகில் வைத்தால் எலும்பு தெரியும், இடுக்கு தெரியும், எவ்வளவு ஆழத்தில் ஊசி நிற்க வேண்டும் என்பதும் தெரியும். பேனாவால் குறி போட்டுக்கொண்டு குத்தலாம். வலி குறைக்கக் குழாய் வைக்கும் 'எபிடூரல்' முறைக்கும் இது உதவும். சான்று குறைவுதான் என்றாலும், பாதுகாப்பானது, உதவக்கூடியது என்று 2008-ல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பும் சொல்லிவிட்டது.

எல்லாருக்கும் இது வேண்டியதில்லை. மெலிந்த பெண்ணுக்கு, பழகிய விரலே பெரும்பாலும் போதும். கனத்த உடலும் வளைந்த முதுகும் உள்ளவர்களை நாலைந்து தடவை குத்திப் பார்ப்பது ஏன்? கருவியோ அடுத்த அறையில் சும்மா நிற்கிறது!

அவசர ஆபரேஷனில் கருவியைத் தேட நேரம் இருக்காது. சாதாரண நாட்களிலேயே டாக்டர்கள் பழகிவைக்க வேண்டும். தாய்மாரும் ஒன்று செய்யலாம். முந்தைய பிரசவத்தில் ஊசி போடச் சிரமப்பட்டிருந்தால், அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கருவி தயாராக இருக்கும்.