தண்ணிக்கு ஏது சொந்த ஊர்?

பாஸ், கிணத்துத் தண்ணிக்கு பர்த் சர்ட்டிஃபிகேட் உண்டா? உண்டு!

அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டிக்குக் கிழக்கே வாசாட்ச் மலை. அங்கே உருகுற பனி, பாறை இடுக்கு வழியா பூமிக்கடியிலேயே பள்ளத்தாக்குக் கிணறுகளுக்கு வருதா? வருது, அதுவும் கணிசமா வருதுன்னு 2003-ல் சொன்னாங்க யூட்டா பல்கலைக்கழகத்தின் மேனிங்கும் சாலமனும்.

துப்பு கொடுத்தது, தண்ணியில் கரைஞ்சிருக்கிற ஆர்கான், க்ரிப்டான், செனான் வாயுக்கள். குளிர்ந்த தண்ணியில் இவை ஜாஸ்தி கரையும் (சோடா சூடானா கேஸ் ஓடிடுதே, அதே கதைதான்). பனித்தண்ணி இறங்கி நிலத்தடி நீரோடு சேர்ந்த இடம் எவ்வளவு குளிர்னு, அந்த வாயு அளவே சொல்லிடும். கீழே கிணத்தில் எடுத்த தண்ணியில் மலைக்குளிர்!

அப்போ, மேலே மலையில் போர் போட்டு இஷ்டத்துக்கு உறிஞ்சினா, கீழே ஊர்க்காரங்க கிணத்துக்கு வர்ற பங்கும் குறையும். எங்க சிவில் நோட்ஸில் என்னடான்னா, மலைப்பாறைக்கு ஒரு படம், சமவெளி மணலுக்கு ஒரு படம். நடுவுல ஒரு அம்புக்குறிகூட இல்லீங்க!