“ஊருக்கு வெளியே போ!” என்னும் உபதேசம்

“பட்டணத்துக்குள்ளேயே கிடந்து வாடகை, வாடகை என்று ஏன் அழுகிறாய்? ஊருக்கு வெளியே போ! பாதி வாடகை; நல்ல காற்று; ஸ்டேஷன் பத்தே நிமிஷம்!”

சென்னையில் உழைத்துப் பிழைக்கும் ஜனங்களுக்கு நாலா பக்கத்திலிருந்தும் கிடைக்கும் உபதேசம் இது. வீட்டுத் தரகர் சொல்கிறார். மனை விற்கும் கனவான் முழுப் பக்க விளம்பரம் போட்டுச் சொல்கிறார். சர்க்கார் அதிகாரியோ குடிசைக்கு முன்னால் லாரியைக் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டு சொல்கிறார்.

இந்த உபதேசிகளில் எத்தனை பேர் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சோற்று டப்பாவுடன் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று நாம் கேட்கப்போவதில்லை. கணக்கை மட்டும் கேட்போம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பட்டறைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சின்ன வீடு, வாடகை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதே அளவு வீடு 5,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாதம் 3,000 ரூபாய் மிச்சம். பேஷ்! தரகர் இத்துடன் கணக்கை மூடிவிடுகிறார். நாம் அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம்.

போக 25, வர 25, ஆக நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர். மாதம் 26 நாள் வேலை. மொத்தம் 1,300 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள் என்றால் 26 லிட்டர் பெட்ரோல். லிட்டர் நூறு ரூபாய் என்று போட்டாலும் 2,600 ரூபாய் காலி! எஞ்சிய 400 ரூபாய், ஆயிலுக்கும் டயருக்கும் பஞ்சருக்கும் போதாது. வண்டி வாங்கிய கடனை இதில் நாம் சேர்க்கவே இல்லை.

நேரத்துக்கு வருவோம். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. மாதத்துக்கு 65 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டாகப் பிரித்தால் எட்டு ஷிப்டு! மாதம் எட்டு நாள் கூலியில்லாமல் உழைக்கிறார் நமது தொழிலாளி. இந்த எட்டு நாளும் எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லை. எந்த முதலாளியும் இதற்குக் கணக்கு வைப்பதில்லை. பட்டறைக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகப் போனால் மட்டும் அந்த ஐந்து நிமிஷத்துக்குத் தவறாமல் கணக்கு வைக்கிறார்கள்!

“ரயிலில் போகலாமே?” என்பார்கள். போகலாம். கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடியது. அரக்கோணம் மார்க்கமும் கும்மிடிப்பூண்டி மார்க்கமும் லட்சக்கணக்கான உழைப்பாளிகளைச் சுமக்கின்றன. சீசன் டிக்கெட் மலிவு, மறுக்கவில்லை. ஆனால் மலிவான வீடு ஸ்டேஷன் பக்கத்திலா இருக்கிறது? ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தால் அது மலிவாகவா இருக்கும்? விளம்பரத்தில் வரும் “பத்து நிமிஷம்” யாருடைய பத்து நிமிஷம்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காலியான ரோட்டில், தரகருடைய காரில் பத்து நிமிஷம்! திங்கட்கிழமை காலையில் அதுவே ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருப்பதையும் சேர்த்து முக்கால் மணி. ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்றால் மாதம் 1,040 ரூபாய். 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயில் விட்டார்கள். சாதாரண வண்டியில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். இதிலே ஏறி உட்கார்ந்தாலே 35 ரூபாய்! வியர்வை சிந்துகிறவனுக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை.

வீட்டில் சம்பாதிப்பது ஆண்பிள்ளை மட்டுமா? நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும், சமையல் செய்யும், கட்டட வேலைக்குப் போகும் பெண்களின் சம்பாத்தியம் எங்கே? அந்த வேலையெல்லாம் நகரத்துக்கு நடுவே அல்லவா இருக்கிறது? 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம், எத்தனையோ குடும்பங்களில் அடுப்பெரிய உதவியிருக்கிறது. ஆனால் வராத பஸ்ஸில் இலவசமாகப் போவதெப்படி? காலை ஏழு மணிக்கு எஜமானி வீட்டில் நிற்க வேண்டியவள் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே வேறு ஆள் அமர்ந்திருக்கிறாள். குறைந்த வாடகைக்குப் போன குடும்பம் இப்படி ஒரு சம்பளத்தையே இழந்துவிடுகிறது.

இனி பள்ளிக்கூடம். மனை விளம்பரங்களில் “சர்வதேசப் பள்ளிகள் அருகில்” என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நம் பிள்ளையைக் காவல்காரன் நிறுத்துவானா, உள்ளே விடுவானா என்பது வேறு விஷயம்! நாம் தேட வேண்டியது சர்க்கார் பள்ளிக்கூடம்; அதிலும் மேல்நிலைப் பள்ளி. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்புவரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி வந்த விதி. ஏரிக்கரையில் கல் நட்டு மனை பிரிக்கிறவர்கள் இந்த விதியைக் கண்ணால் கண்டதுண்டா?

சர்க்கார் பள்ளி என்றால் கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கறியாத நினைப்பு. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளிலும் காலைச் சிற்றுண்டி உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது. அப்படிப் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். 2024-லிருந்து பையன்களுக்கும் அது உண்டு. பக்கத்தில் சர்க்கார் பள்ளி இல்லாத ஒரே காரணத்தால் மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்த்தால் பீஸ், வேன் கட்டணம், சீருடை என்று கொட்டி அழுவதோடு இவை அத்தனையும் கையைவிட்டுப் போகின்றன. தனியார் பள்ளியில் 25 சதவிகித இடம் சட்டப்படி உண்டே என்றால், 2025-இல் டில்லி சர்க்கார் கல்வி நிதியை நிறுத்திவைத்தது. ஏப்ரலில் தொடங்க வேண்டிய அந்தச் சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. காலாண்டுப் பரீட்சை முடிந்த பிறகு அட்மிஷன்!

ஆகவே வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம். வேலை நாளில் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி ஆலைக்குப் போய்ப் பாருங்கள். மேல்நிலைப் பள்ளி எங்கே என்று தரகரிடம் கேட்காமல், தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் எதுவரை தண்ணீர் நின்றது என்று பெட்டிக்கடையில் விசாரியுங்கள். 2015-லும் 2023-லும் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீரில் நின்றவர்களுக்கு, மனை ஏன் மலிவாகக் கிடைத்தது என்று அப்புறம்தான் விளங்கிற்று.

நம் அப்பன் பாட்டன் காலத்தில் இந்தத் தலைவலி இருந்ததா? பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளி புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் சூளையிலும் குடியிருந்தார். சங்கு ஊதினால் காதில் விழும் தூரம். வீடு மோசம், சாக்கடை மோசம். ஆனால் நடை தூரம். வெள்ளைக்கார முதலாளிக்கு நம்மீது இரக்கம் என்று எண்ண வேண்டாம். சங்கு ஊதியதும் ஆள் வந்து நிற்க வேண்டும் என்ற சுயநலம். சுதந்திரத்துக்குப் பின்னால் 1955-இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. குடியிருப்பும் கூடவே வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை என்பதற்கு அந்தச் செங்கல் கட்டடங்களே சாட்சி.

இப்போதைய ஏற்பாடு என்ன? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து 18,720 பேர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். தகரக் கொட்டகையில் அடைந்து கிடந்ததைவிட மேல்தான். ஆனால் கிடைத்தது கட்டில், வீடல்ல. கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால் அவள் எங்கே போவாள்? 18,720 கட்டில் போட்டவர்கள் அதன் பக்கத்தில் குடும்பத்துக்கு எத்தனை வீடு கட்டினார்கள் என்று கேட்டால் முதலாளிகளுக்குக் கோபம் வருகிறது. அவர்களுக்கு வேண்டியது இருபது வயது உடம்பு; குடும்பம் அல்ல.

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் இந்தக் கதை தெரிந்ததே. விழுப்புரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மகனை வேலைக்கு அனுப்புகிறீர்கள். அவனைப் பார்க்க வந்தால் பஸ் உங்களை வண்டலூருக்கு அப்பால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறது. 2023 டிசம்பர் 30-இல் அந்த நிலையத்தைத் திறந்தபோது எதிரே தண்டவாளம் இருந்தது. ரயில் நிலையம் இல்லை! மூட்டையுடன் இறங்கிய ஜனங்கள் ஊருக்குள் வருவதெப்படி என்று யோசிப்பதற்கு முன்னால் ரிப்பன் வெட்டிவிட்டார்கள். புறநகருக்குப் போகும் தொழிலாளிக்கு நடப்பதும் இதுவே. முதலில் ஆளை அனுப்பு. வழி பின்னால் வரும். வழி வந்த மறுநாள் வாடகை ஏறும். மெட்ரோவுக்குத் தூண் நட்டதுமே வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துகிறார். தூசியைத் தின்று காத்திருந்தவன் இன்னும் ஐந்து மைல் தள்ளிப் போகிறான்.

வாடகைக்குக் கட்டுப்பாடு கிடையாதா? ஒரு காலத்தில் இருந்தது. 1960-ஆம் வருஷத்துச் சட்டத்தில், குடியிருப்பவர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போய் நியாய வாடகை நிர்ணயிக்கும்படி கேட்கலாம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம் அதை ஒழித்துவிட்டது. இருவரும் ஒத்துக்கொண்டதே இப்போது வாடகை! ஓநாயும் ஆட்டுக்குட்டியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்று அதிலேயே ஒரு விதி இருக்கிறது. ஆனால் அந்த விதியின் தலையிலேயே “வேறு உடன்படிக்கை இருந்தாலொழிய” என்று ஒரு ஓட்டை. பத்து மாத முன்பணம் கேட்கும் வீட்டுக்காரருக்கு அந்த ஓட்டை கோட்டை வாசலாகப் பயன்படுகிறது.

“அப்படியானால் கடன் வாங்கிச் சொந்த வீடு கட்டிக்கொள்” என்கிறார்கள் வேறு சிலர். சொந்த வீட்டு ஆசையை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் இருபது வருஷத் தவணை கழுத்தில் தொங்கும்போது வேலை நிறுத்தத்துக்குக் கை தூக்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? ஆலை அங்கேயே இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலை நகர் போர்டு கார் ஆலையில் 2022-இல் உற்பத்தி முடிந்தது. ஆலையை நம்பிப் பக்கத்தில் வீடு வாங்கினவர் வீட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த ஆலையைத் தேட முடியுமா?

இதுவரை சொன்னது, தேர்ந்தெடுக்க ஓரளவாவது வாய்ப்புள்ளவர்களின் கதை. அந்த வாய்ப்பும் இல்லாதவர்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் மாடிக் கட்டடங்களில் அடுக்கினார்கள். கூவம் கரை சொர்க்கம் என்று நாம் சொல்லவில்லை. 2015 வெள்ளத்தில் அங்கே பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் சத்தியவாணி முத்து நகர் ஜனங்களை அப்புறப்படுத்தியது எப்போது? 2019 டிசம்பர் கடைசியில். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவிலே! பிள்ளைகள் பழைய பள்ளிக்கு இத்தனை தூரம் எப்படிப் போவார்கள், போக முடியாதவர்கள் என்ன ஆவார்கள் என்று லாரியை அனுப்பியவர்களுக்குக் கவலை இல்லை.

2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் புல்டோசர் வந்தது. பொதுத் தேர்வு நடக்கும் நாட்கள். புத்தகத்தை எடுப்பதா, பாத்திரத்தை எடுப்பதா என்று பிள்ளைகள் தவித்தார்கள். ஒரு பெரியவர் தீக்குளித்து உயிரையே விட்டார். அதற்குப் பிறகு முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார்: மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளிலேயே வீடு தரப்படும் என்று. அப்படியானால் பக்கத்திலேயே வீடு தர வழி இருந்திருக்கிறது! ஒரு மனிதன் கரிக்கட்டையாகும்வரை அந்த வழி எந்த அதிகாரியின் கண்ணிலும் படவில்லை.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் பிறந்தது. 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறட்டும், ஆட்சேபணையில்லை. ஒதுக்கீட்டுக் கடிதத்தில் மாற வேண்டியது இன்னும் பாக்கியிருக்கிறது. அதில் மாடி எண்ணும் கதவு எண்ணும் மட்டும் போதாது. எந்தப் பஸ், முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு. எந்த மேல்நிலைப் பள்ளி, அதிலே எத்தனை இடம். கூலி வேலை எத்தனை தூரத்தில் — இவ்வளவும் எழுத்தில் வர வேண்டும். பள்ளிக்கூட வருஷம் முடியும்வரை ஒரு குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது. இந்தக் கோரிக்கையைத் தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கி வாரிய அலுவலகத்துக்குக் கொண்டு செல்வோம். அதுவரை, வெறும் கதவு எண் போட்ட கடிதத்தை நீட்டினால் அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம்.