அப்ரூவருக்குச் சலுகை, வீட்டாருக்கு என்ன?

2021 மே 31 அன்று ஜொவான்னி புரூஸ்கா சிறையிலிருந்து வெளியே வந்ததும் இத்தாலி கொதித்தது. 1992-இல் மாஃபியா வழக்குகளை விசாரித்த நீதிபதி ஃபால்கோனேவையும், அவர் மனைவியையும், காவலர் மூவரையும் பலிகொண்ட கபாச்சி குண்டுவெடிப்பில் ரிமோட்டை அழுத்தியவன் இவன்தான். இவனுக்கு 25 ஆண்டில் விடுதலையா? கோபம் நியாயமானதே. ஆனால் ஃபால்கோனேவின் அக்கா மரியாவே, மனம் வலித்தாலும் சட்டம் இதுதான், தம்பி விரும்பிய சட்டம் இது என்றார்.

கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கும் குற்றவாளிக்கு, அதாவது அப்ரூவருக்கு, சலுகை தரும் அந்தச் சட்டம் வந்த கதையைப் பார்க்க வேண்டும். 1973-இல் லியோனார்தோ வித்தாலே என்ற மாஃபியா ஆள் தானாகவே போலீசிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். பைத்தியம் என்று முத்திரை குத்தி அடைத்துவைத்தார்கள். 1984-இல் வெளியே வந்தவனை மாஃபியா சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட தொமாசோ புஷெத்தா என்ற மாஃபியா ஆள் ஃபால்கோனேவிடம் வாய் திறந்தான். மனம் திருந்தி அல்ல என்பது என் எண்ணம். மாஃபியாவின் எதிர்க்கோஷ்டி அவனுடைய மகன்களில் இருவரைத் தீர்த்துக்கட்டியிருந்தது. அவன் சொன்னதை அடித்தளமாக வைத்து பலேர்மோவில் 400-க்கும் மேற்பட்டோர் மீது பெருவழக்கு நடந்தது. 1987 தீர்ப்பில் 300-க்கும் மேற்பட்டோர் தண்டனை பெற்றனர்.

மாஃபியா கற்ற பாடம் வேறு. அப்ரூவரை நெருங்க முடியாவிட்டால் அவன் வீட்டாரை நெருங்கலாம். 1989-இல் மரினோ மன்னோயா என்ற மாஃபியா ஆள் பேசத் தொடங்கியதும் அவன் தாய், தங்கை, சித்தி மூவரையும் சுட்டுக் கொன்றார்கள். 1991-இல்தான் தனிச்சட்டம் வந்தது: அப்ரூவரோடு ஆபத்திலிருக்கும் உறவினருக்கும் வேற்றூர், மாதப்படி, தேவைப்பட்டால் புதுப்பெயர்.

சட்டம் இருந்தும் 1993 நவம்பரில், கபாச்சி கொலையாளிகளைக் காட்டிக்கொடுத்த சாந்தினோ தி மத்தேயோவின் மகன் ஜுசெப்பே குதிரைப் பயிற்சி லாயத்திலிருந்து கடத்தப்பட்டான். வயது 12. வந்தவர்கள் போலீஸ் வேடத்தில், அப்பாவிடம் கூட்டிப்போகிறோம் என்றார்கள். ஏறிக்கொண்டான். 779 நாள் இடம் மாற்றி மாற்றி அடைத்துவைத்து, கழுத்தை நெரித்து, உடலை அமிலத்தில் கரைத்தார்கள். உத்தரவிட்டவன் அதே புரூஸ்கா. பிடிபட்ட பின் அவனும் அப்ரூவரானான்.

இங்கேதான் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தண்டனைக் குறைப்பு குற்றவாளியோடு அரசு செய்யும் பேரம். பாதுகாப்பு பேரமல்ல, அது அரசின் கடமை. 2001 திருத்தம் இரண்டையும் பிரித்தது. தெரிந்ததையெல்லாம் 180 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். தண்டனையில் கால் பங்கையாவது, ஆயுள் என்றால் பத்தாண்டையாவது சிறையில் கழித்தாக வேண்டும். அவன் சொல்வது மட்டும் போதாது, வேறு சான்றும் வேண்டும் என்பது முன்பே இருந்த விதி.

குற்றமே செய்யாமல் சாட்சி சொன்னவர்களையும் அதே திருத்தம் தனியாக வகைப்படுத்தியது. ரீத்தா அத்ரியா அந்த ரகம். தந்தையும் அண்ணனும் மாஃபியா ஆட்கள், இருவரும் கொல்லப்பட்டார்கள். 17 வயதில் நீதிபதி போர்செல்லீனோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தாய் கைகழுவிவிட்டாள். ரோமில் மறைவிடம் தந்தது அரசு, பேச்சுக்கு ஆள் தரவில்லை. 1992 ஜூலையில் போர்செல்லீனோ கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். 2018-இல் இத்தகைய சாட்சிகளுக்கென்றே தனிச்சட்டம் இயற்றியபோதுதான், ஒவ்வொருவருக்கும் கூடவே நின்று தேவைகளைக் கவனிக்க ஒருவர் வேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள்.