ஆலைக்கு ஒத்திகை, தெருவுக்கு?

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில் மூச்சுத் திணறி எழுந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. வாயு வந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்பது அந்த நேரத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. அதை மீனவர்கள் கையால் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோதும் வாளிதான்.

சட்டத்தில் குறை அதிகமில்லை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பின் வந்த 1989 அபாய ரசாயன விதிகள், ஆலைக்கு வெளியேயான அவசரத் திட்டத்தை ஆண்டுக்கொரு முறை ஒத்திகை பார்க்கச் சொல்கின்றன. 1996 விதிகளின்படி அமையும் உள்ளூர் நெருக்கடிக் குழுவில் ஆலைகள், மருத்துவர், ஊர்ப் பிரதிநிதி மட்டுமல்ல, உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியருக்கும் இடமுண்டு.

சிறு வணிகர்களை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களில் ஐஸ் ஆலைக்காரர்களும் உண்டு; ஐஸ் ஆலைகள் பொதுவாகக் குளிரூட்டுவது அம்மோனியாவால்தான். அந்த வாயுவோடு புழங்கும் தொழிலாளர்கள் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறார்கள். விடியுமுன் திறக்கும் டீக்கடை, லாரி ஷெட், படகு உரிமையாளர் ஆகியோரிடம் எச்சரிக்கையைச் சேர்த்தால் தெருவுக்கே போய்ச்சேரும்.

மாவட்ட நிர்வாகம் அடுத்த ஒத்திகையை ஆலை வாசலுக்கு வெளியே, குப்பத்துத் தெருவில், ராத்திரியில் நடத்தட்டும். செலவை ஆலைகள் ஏற்கட்டும்.