ஏரியைப் புதைத்தவர்க்கு நீர் ஏது?

தம் வீட்டுப் பொருளைத் தெருவில் எறிவதும், அதையே அயலான் தன் பெயர் பொறித்து நீட்டினால் அள்ளி அணைப்பதும் தமிழரைப் பற்றிய நெடுநாள் நோய். தென்மார்க்கு நாட்டில் 1972ஆம் ஆண்டு 27 குடும்பத்தார், தனித்தனி வீடும் பொது அடுக்களையும் பொது உழைப்புமாய் ஒருங்கே குடியேறினர். நன்று, போற்றத்தக்கதே. ஆனால், அக்கூட்டுக் குடியிருப்பைப் புதுமை என்று வாய்பிளக்கும் சென்னைத் தமிழன், தன் காலடியில் புதைந்துகிடப்பது எது என்று குனிந்து பார்த்தானா?

தியாகராயர் நகர் நிற்பது ஏரியின்மேல்! மயிலைப் பக்கமிருந்து நுங்கம்பாக்கம்வரை வளைந்து கிடந்த நெட்டேரியை, வெள்ளையர் ஆட்சிக்காலத்தில், 1920களில் வடித்து மனைகளாக்கினர். வெள்ளையனை மட்டும் பழித்துத் தப்புவதற்கில்லை. நுங்கம்பாக்கத்து ஏரி நிலத்திலேயே 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த பெருந்தகைக்கு, நீரைத் தூர்த்த இடத்தில் கற்றேர்!

விளைவு என்ன? 2015 திசம்பரில் அடையாறு கரைமீறி ஊருக்குள் புகுந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் வறண்டன. சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்தது. நான்காண்டு இடைவெளியில் மூழ்கவும் வாடவும் கற்றது ஒரே ஊர்!

மயிலையிலும் அடையாற்றிலும் உள்ள அடுக்ககத்தார் முன்னரே கூட்டுக் குடியினர்தாம். நிலம் அவர்க்குப் பிரிபடாப் பங்கு. ஆயின் நிலத்தடி நீர்? ஆழத் துளைத்தவனுக்கே அது சொந்தம். தண்ணீர்ச் சுமையுந்துக்கான செலவையோ பல அடுக்ககங்களில் வீட்டுக்கு இவ்வளவென்று சமமாய்ப் பிரிக்கின்றனர். நாளும் மகிழுந்தைக் குளிப்பாட்டுபவனும், இரண்டு குடத்தில் நாளைக் கழிக்கும் கிழவியும் ஒரே தொகை கொடுப்பதா பொதுமை? அது பொதுமைப் போர்வையில் நடக்கும் சுரண்டல்!

"அரசு பார்த்துக்கொள்ளும்" என்பர் சிலர். மழைநீர்ச் சேமிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் 2003இலேயே அரசு கட்டாயமாக்கியது. சட்டம் குழியை வெட்டுவிக்கும். ஆண்டுதோறும் தூர்வார வீட்டார் கையே வேண்டும். ஊரார் கூடி ஏரி காத்த அவ்வழக்கத்துக்குக் 'குடிமராமத்து' என்று பிறமொழி ஒட்டுப்போட்டனர் பின்வந்தோர். பிறகு வேலையையும் விட்டனர்.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், முதற் பராந்தகச் சோழன் காலத்தவை, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின. ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்தனர்; பதவி ஓராண்டே. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினர்க்கும் மீண்டும் இடமில்லை. நிலமுடையார்க்கும் மறை கற்றார்க்கும் மட்டுமே இடந்தந்த அவை அது. அக்குறையை அறுத்தெறிந்துவிட்டு, அக்கணக்கொழுங்கைக் கைக்கொள்வதே அறிவுடைமை.

ஒவ்வோர் அடுக்ககத்திலும் நீர் வாரியம் அமைக. வீடுதோறும் நீரளவி பொருத்துக. பயன்படுத்திய அளவுக்கே பணம் பெறுக. மூடிய கிணற்றைத் திறந்து கூரைநீரை அதில் இறக்குக. வாடகைக்குடியினர்க்கும் வாக்குத் தருக. ஆண்டுக் கணக்கை வாயிற்சுவரில் எழுதுக.

புதைத்த ஏரி இனி எழாது. ஆனால் அதன்மேல் வாழ்வோர் எழலாம். எழாவிடின், அடுத்த மழையில் ஏரி தன் இடத்தைத் தானே கேட்டு வரும்!